லேண்ட் ரோவர் மீது ஒரு தப்பான குற்றப்பத்திரிகை

பழைய ரேஞ்ச் ரோவரோ டிஸ்கவரியோ வாங்கலாமென்று இருக்கிறேன் என்று ஒருவர் சொல்லட்டும். சுற்றியிருக்கிற அத்தனை பேரும் அந்த நிமிடமே மெக்கானிக் ஆகிவிடுவார்கள். "அது வெள்ளை யானை சார்." "ரெண்டா வாங்குங்க, ஒண்ணு ஓட்ட, ஒண்ணு ஷெட்ல நிக்க." "எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், ஒரு லைட் எரிஞ்சா ஒரு லட்சம்." "ஏர் சஸ்பென்ஷனைக் கழட்டிக் கடாசிட்டு காயில் ஸ்பிரிங் போட்டுடுங்க." இத்தனைக்கும் பிறகு தீர்ப்பு வரும்: "பேசாம ஒரு லேண்ட் க்ரூசர் பாருங்களேன்." சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வண்டியின் பானட்டைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அதனாலென்ன, தீர்ப்பு ஊர் முழுக்கப் பரவிவிட்டது: வண்டி பிறவியிலேயே கெட்டது, வாங்கியவன் தலையெழுத்து.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. வண்டி கெடாது என்று வாதாட வரவில்லை. கெடும், சில இடங்களில் மிக மோசமாகவே கெடும். ஆனால் எது கெடும், எத்தனை வயதில் கெடும், எதனால் கெடும் என்பதெல்லாம் பெயர் சொல்லி எழுதி வைக்கக்கூடிய சங்கதிகள். எழுதிப் பார்த்தால் அதில் சிலிக்கான் சில்லும் காட்டுப்பாதையும் கொஞ்சமாகவும், பழைய எண்ணெயும் வெடித்த ரப்பரும் தள்ளிப்போட்ட சர்வீஸும் நிறையவும் இருக்கும். கம்பெனியைக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏற்றலாம், வேறு குற்றத்துக்கு.

முதலில் எதிர்க்கட்சியின் கையிலிருக்கும் பலமான சாட்சியைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் நம்பகத்தன்மை ஆய்வில் 2020-இலும் 2021-இலும் லேண்ட் ரோவருக்குக் கடைசி இடம். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆய்வு எண்ணுவது எதை? மூன்று வயதான வண்டிகளை முதலில் வாங்கியவர்களிடம், கடந்த பன்னிரண்டு மாதத்தில் என்னென்ன தொல்லை என்று கேட்கிறார்கள். நூறு வண்டிக்கு எத்தனை தொல்லை என்பதுதான் மதிப்பெண். போன் ப்ளூடூத்தில் சேர மறுத்தால் அது ஒரு தொல்லை. கியர்பாக்ஸ் கழன்று விழுந்தாலும் அதுவும் ஒரே ஒரு தொல்லை. வாரன்டி காலத்தில் திரை உறைந்துபோகிறது, மென்பொருள் தடுமாறுகிறது என்பதை இந்த ஆய்வு நிரூபிக்கிறது, அது வெட்கக்கேடுதான். பன்னிரண்டு வயது வண்டியை வாங்குகிறவரின் பயம் வேறு. அதற்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் அட்டவணையின் கீழே என்ன எண்ணப்பட்டது என்று படிப்பதில்லை.

இன்னொரு வாதம் கொஞ்சம் கவர்ச்சியானது. அந்தக் காலத்து லேண்ட் ரோவர் இரும்பு, சொகுசைச் சேர்த்துத்தான் கெடுத்துவிட்டார்கள் என்பது. 1970 ஜூனில் ஸ்பென் கிங்கின் குழு வடிவமைத்து வெளிவந்த முதல் ரேஞ்ச் ரோவரில் உள்ளே தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவலாம், இருக்கைக்கு வினைல் உறை. தோலும் மரமும் எண்பதுகளில்தான் ஏறின. அந்தக் கழுவக்கூடிய வண்டி உடையவே இல்லையா? 1971 முதல் 1972 வரை பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் பிளாஷ்ஃபோர்ட்-ஸ்னெல் தலைமையில் இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடி வரை போயின. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சாலையே இல்லாத டேரியன் சதுப்புக்காட்டைக் கடக்க மட்டும் சுமார் நூறு நாள் பிடித்தது. அங்கே டிஃபரன்ஷியல்கள் அடுத்தடுத்து சிதறின. காரணம் தேடிப் போனால் அளவுக்கு மீறிய சுமை, அதற்குமேல் சதுப்புக்காக மாட்டிய ராட்சத டயர்கள். இதே மாடல்தான் 1979-இல் நடந்த முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் கார்களில் முந்தி வந்தது, 1981-இல் மறுபடியும் வென்றது. எந்த வண்டியும் உடையும். உடைந்ததற்குக் காரணம் கேட்கிற பழக்கம் அன்று இருந்தது. இன்று "லேண்ட் ரோவர் இல்லையா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சரி, எலக்ட்ரானிக்ஸ்.

டிஸ்கவரி 3 என்பது 2004-இல் வந்த வண்டி. மணல், சேறு, பாறை என்று திருகுகுமிழில் தேர்ந்தெடுக்கும் வசதி முதன்முதலில் வந்தது அதில்தான். அதன் உரிமையாளர்கள் ஒரு நாள் காலை வண்டியை எடுத்ததும் டேஷ்போர்டு தீபாவளி கொண்டாடும்: கியர்பாக்ஸ் கோளாறு, இறக்கக் கட்டுப்பாட்டில் கோளாறு, சிறப்பு ஓட்ட முறைகள் கிடைக்காது. அடுத்தடுத்து மஞ்சள் எழுத்து. விஷயம் தெரியாத இடத்துக்குப் போனால் கியர்பாக்ஸுக்கே எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பார்கள். விஷயம் தெரிந்தவர் முதலில் பிரேக் பெடலுக்கு மேலே கையை விடுவார். அங்கே கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, பிரேக் லைட் ஸ்விட்ச். பெடலை அழுத்தினோமா இல்லையா என்று அது சொல்வதை நம்பித்தான் கியர்பாக்ஸும் ஏபிஎஸ்ஸும் இறக்கக் கட்டுப்பாடும் வேலை செய்கின்றன. உள்ளே காண்டாக்ட் தேய்ந்து முன்னுக்குப்பின் முரணாக அது பேச ஆரம்பித்ததும் மூன்று கணினிகளும் சந்தேகப்பட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அதாவது எலக்ட்ரானிக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தேய்ந்தது மலிவான ஒரு ஸ்விட்ச்.

பேட்டரி கதையும் இதேதான். இந்த வண்டிகளில் நாலைந்து வயதான பேட்டரி எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடும், அதனால் நல்லாத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஸ்டார்ட்டர் சுழலும் அந்த ஒரு நொடியில் மின்னழுத்தம் சரிந்து, விழித்துக்கொண்டிருந்த கணினிகள் ஆளுக்கொரு கோளாற்றைப் பதிவு செய்துவிடுகின்றன. சஸ்பென்ஷன் கோளாறு என்று வந்து நிற்கிற வண்டிக்கு முதல் வைத்தியம் பேட்டரிக்கு லோட் டெஸ்ட், எர்த் ஒயரின் முனையைத் திறந்து துரு சுரண்டுவது. இதைச் செய்யாமல் ஸ்கேனரைச் செருகி, வந்த ஃபால்ட் கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாட்யூல் மாற்றுவதுதான் "ஒரு லைட் எரிஞ்சா ஒரு லட்சம்" என்பதன் ரகசியம். அந்த லட்சத்தைக் கேட்டது வண்டி அல்ல.

இனி ஏர் சஸ்பென்ஷன். ஊர் அபிப்பிராயம் மிகவும் உறுதியாக இருப்பதும், மிகவும் தவறாக இருப்பதும் இங்கேதான்.

ரேஞ்ச் ரோவரில் காற்றுத் தொங்கல் வந்தது 1992-இல். இன்றுவரை அதன் அடிப்படை ஒன்றுதான்: நான்கு சக்கரத்துக்கும் நான்கு ரப்பர் பலூன், ஒரு கம்ப்ரஸர், ஒரு காற்றுத் தொட்டி, வழிதிருப்பும் வால்வுகள், உயரம் அளக்கும் சென்ஸார்கள். ரப்பர் மடிந்து மடிந்து விரிகிற இடத்தில் சில ஆண்டுகளில் மயிரிழை வெடிப்பு விழும். எல்லா ரப்பருக்கும் நடப்பது. காற்று மெல்லக் கசியும். இரவு நிறுத்திய வண்டி காலையில் முன்பக்கம் ஒரு மூலை தாழ்ந்து நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

அங்கேதான் வினை. எழுப்புவது கம்ப்ரஸர். டிஸ்கவரி 3-இல் அது இடது பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டியின் அடியில், சாலைப் புழுதியெல்லாம் படுகிற இடத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சில நிமிடம் ஓட வேண்டியது, கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடுகிறது. சூடேறுகிறது. பிஸ்டன் வளையம் தேய்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச அதற்குள்ளே வைத்திருக்கும் மணிகள் பொடிப்பொடியாகி, அந்த வெள்ளைத் தூள் குழாய் வழியே போய் வால்வுகளை அடைக்கிறது. ஒரு நாள் கம்ப்ரஸர் உயிரை விடுகிறது. ஷெட்டில் புதுக் கம்ப்ரஸர் மாட்டுகிறார்கள். பலூன் மாற்றவில்லை, வால்வில் சேர்ந்த தூளைச் சுத்தம் செய்யவில்லை. புதியதும் பழையதன் வழியிலேயே போகிறது. "மூணு கம்ப்ரஸர் மாத்திட்டேன் சார், இந்த டிசைனே தப்பு" என்று உரிமையாளர் புலம்ப, கேட்டவர்கள் நாலு பேரிடம் சொல்ல, அது ஊர் உண்மையாகிறது.

சென்னைக்கு மேற்கே ஒரு ஷெட்டில் இதற்கு மருந்து பார்த்ததை நின்று கவனித்திருக்கிறேன். வண்டியின் சொந்தக்காரர் முப்பது வயதுக்காரர், வேறொரு சர்வீஸ் சென்டரில் இரண்டு கம்ப்ரஸருக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருந்தார். மெக்கானிக் வண்டியை அதன் உச்ச உயரத்துக்குத் தூக்கச் சொன்னார். அந்த நிலையில்தான் மடிப்பு விரிந்து வெடிப்பு வாய் திறக்குமாம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, முன் இடது பலூனின் கீழ் மடிப்பைச் சுற்றிப் பீய்ச்சினார். ஒன்றுமில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தார். நுரை வழிந்து இறங்கிய பிறகு ஓரிடத்தில் கடுகு அளவில் ஒரு குமிழி வந்தது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு சங்கிலியாக.

"இதுதான் தம்பி உங்க ரெண்டு கம்ப்ரஸரையும் சாப்பிட்டது."

"அண்ணே, இவ்ளோ சின்னதா?"

"இது ராத்திரி பூரா ஊதுதே."

பிறகு அவர் சொன்ன யோசனைக்குக் கருவிகூட வேண்டாம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நான்கு மூலையும் இரவில் அளந்து எழுதிவிட்டு, காலையில் கதவைத் திறக்கும் முன் மறுபடி அளப்பது. எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அங்கே சோப்பு. பலூனை ஜோடியாக மாற்றுவது, வால்வையும் உலர்த்தியையும் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் மட்டும் கம்ப்ரஸர், கூடவே அதன் ரிலே. டயரையும் பிரேக் பேடையும் போலப் பலூனும் தேய்மானப் பொருள் என்று ஒத்துக்கொண்டால் விவகாரம் தீர்ந்தது.

காயில் மாற்றச் சொல்லும் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காடுமேட்டில் போகும்போது டிஸ்கவரி 3-இல் இடது பலூனையும் வலது பலூனையும் ஒரு வால்வு திறந்து இணைத்துவிடும். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி அமுங்கினால் அதிலிருந்து தள்ளப்படும் காற்று எதிர்ச்சக்கரத்தைப் பள்ளத்துக்குள் அழுத்தித் தரையைப் பிடிக்க வைக்கும். காயில் போட்டால் அது போயிற்று, உயரம் கூட்டிக் குறைப்பது போயிற்று, பின்னால் சுமை ஏற்றினாலும் மட்டமாக நிற்பது போயிற்று. இத்தனையும் போன பிறகு மிச்சமிருப்பது இரண்டரை டன் எடையுள்ள ஒரு சாதாரண வண்டி. அதற்கு லேண்ட் ரோவர் எதற்கு என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை வண்டிக்காகப் பேசினேன். இப்போது கம்பெனியைக் கூண்டில் ஏற்றுகிறேன்.

இந்த வண்டிகளில் பலவற்றில் இருப்பது ஜெர்மனியின் இசட்எஃப் செய்த ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதன் எண்ணெயை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்ற பேச்சு வண்டிக் கம்பெனிகள் வழியாகப் பரவி, இன்றும் பல சர்வீஸ் கவுன்டர்களில் அதையே ஒப்பிக்கிறார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் என்ன சொல்கிறது? 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில், மாற்று. அடித்தட்டே பிளாஸ்டிக், ஃபில்டரும் அதோடு ஒட்டியே வரும், ஆகவே தட்டோடு மாற்ற வேண்டும். எண்ணெயின் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மட்டம் பார்க்க வேண்டும். சூடு ஏறிய பிறகு பார்த்தால் எண்ணெய் விரிந்து மட்டம் தப்பாகக் காட்டும், குறைவாக ஊற்றி மூடிவிடுவார்கள். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் கியர் விழும்போது வண்டி உதறுகிறது என்றால், அது இங்கிலாந்தில் செய்ததால் அல்ல. கறுத்துப்போன அதே எண்ணெயில் ஓடுவதால்.

எஞ்சின் எண்ணெய்க்கு வருவோம். லேண்ட் ரோவரின் இஞ்ஜீனியம் டீசல் எஞ்சினுக்குப் பிரிட்டனில் சொன்ன சர்வீஸ் இடைவெளி 34,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு. ஊரார் கையெடுத்துக் கும்பிடும் லேண்ட் க்ரூசர் 200 டீசலுக்கு ஆஸ்திரேலியாவில் டொயோட்டா சொன்னது 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். நாடு வேறு, புழுதி வேறு, எஞ்சின் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஜப்பான் இரும்பு, இங்கிலாந்து தகரம் என்று பேசுவதில் அர்த்தமில்லை. நீண்ட இடைவெளி எதற்கு? புது வண்டியை நிறுவனங்களுக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விடும் சந்தையில் முதல் மூன்று நான்கு ஆண்டுச் செலவு குறைவாகத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு வண்டி வேறு யாருடைய பிரச்சினையோ. அந்த வேறு யாரோ நாம்தான்.

டீசல் எஞ்சினின் புகை வடிகட்டி இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்குகிறது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி நிரம்பியதும் எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, சுமார் 600 டிகிரி வெப்பத்தில் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கொஞ்ச நேரமாவது நிற்காத ஓட்டம் வேண்டும். அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டி பாதியில் அணைக்கப்படுகிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது. நீர்த்த எண்ணெய் டைமிங் செயினையும் டர்போவையும் பேரிங்கையும் காப்பாற்றுவதில்லை. 34,000 கிலோமீட்டர் என்ற எண்ணை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. லேண்ட் ரோவர் கையேடுகளிலேயே புழுதி, தண்ணீர், கடும் வெப்பம் போன்ற கடினச் சூழலில் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் குறைவு. மே மாதச் சென்னை கடினச் சூழல் இல்லையென்றால் வேறெது? இங்கே 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், வடிகட்டிக்கு ஏற்ற குறைந்த சாம்பல் ரக எண்ணெய், அவ்வளவுதான் சூத்திரம். எழுபது லட்ச ரூபாய் வண்டியில் எண்ணெய்க்குக் கணக்குப் பார்ப்பது ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

எண்ணெயால் தீராத குற்றங்களும் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். 2.7 மற்றும் 3.0 லிட்டர் வி6 டீசல்களில் பேரிங் சுழன்று கிராங்க் ஷாஃப்ட்டே உடைந்த சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. ஒழுங்காக எண்ணெய் மாற்றியவர்களுக்கும் நடந்தது. ஆபத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. ஆரம்ப கால 2.7-இல் எண்ணெய்ப் பம்பின் உறையில் டைமிங் பெல்ட்டின் டென்ஷனர் உட்காரும் மூலை வெடிக்கும், அதனால் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது நல்லது. எஞ்சினின் பின்பக்கம் டீசல் பம்பை ஓட்டும் இன்னொரு சின்ன பெல்ட் இருக்கிறது, கையெட்டாத இடம் என்பதால் அதை விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் மாற்றிப் பில் போடுகிற ஷெட்டுகள் உண்டு. 5 லிட்டர் பெட்ரோல் வி8-இல் கூலன்ட் போகும் குழாய்கள் பிளாஸ்டிக். சூட்டில் வெந்து ஒரு நாள் பிளந்து கூலன்ட் மொத்தமும் கொட்டும், அந்த நேரத்தில் இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் ஹெட் போய்விடும். அந்த எஞ்சினின் முதல் சில ஆண்டு மாடல்களில் டைமிங் செயினின் கைடுகளும் தேய்ந்தன. இத்தனையும் கம்பெனியின் பாவம். பெரிய வேலைகளுக்கு டிஸ்கவரியின் உடலையே சேஸியிலிருந்து தூக்கி வைத்துத்தான் பலர் செய்கிறார்கள், கூலி எகிறுவது அதனால்தான். இதில் எதையும் நான் பூசி மெழுகவில்லை. ஆனால் பாருங்கள், எந்த எஞ்சின், எந்த ஆண்டு, எந்தப் பாகம் என்று விரல் விட்டுச் சொல்ல முடிகிறது. தலையெழுத்துக்கு இப்படிப் பார்ட் நம்பர் கிடையாது.

"காட்டுக்கெல்லாம் கொண்டு போகாதீங்க, ஷெட்ல வச்சு ஞாயித்துக்கிழமை எடுங்க, நாள்பட வரும்" என்பது இன்னொரு அறிவுரை. எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். நின்றுகொண்டே இருக்கிற வண்டியில் பலூன் தளர்ந்து ஒரே மடிப்பில் உட்கார்ந்து வெடிக்கும், பேட்டரி வடியும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். டயரில் பட்டன் தேயாமல் புதிது மாதிரி இருக்கும், பக்கவாட்டில் பொறித்த நான்கிலக்க எண்ணைப் பார்த்தால் செய்து எட்டு வருஷம் ஆகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. காட்டுப்பாதைக்கான லோ ரேஞ்ச் கியருக்கு மாற்றும் மோட்டார் ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் கிடந்து, தேவைப்படுகிற அன்று இறுகிப்போயிருக்கும். மாதம் ஒருமுறை காலி மண் தரையில் லோ ரேஞ்ச் போட்டு, உயரத்தை ஏற்றி இறக்கி, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் விட்டு ஓட்டி வருவது எந்தக் கவரும் போர்த்திக் காப்பதைவிட மேல்.

சேறும் தண்ணீரும் ஒன்றும் செய்யாது என்று சொல்லவில்லை. டிஸ்கவரி 3-இல் எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் பின் டிஸ்க்குக்குள்ளே இருக்கும் சின்ன டிரம்மைப் பிடிக்கிறது, சேற்று மணல் அதற்குள் தங்கினால் லீவரை இழுக்கும்போது அலறும். அப்படியே விட்டால் மோட்டாரே போகும். கழற்றிக் கழுவி அட்ஜஸ்ட் செய்தால் ஒரு மதிய வேலை. அந்த வண்டி 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீர் வரை இறங்கலாம், இன்றைய டிஃபெண்டர் 900 வரை. ஆனால் அந்த எண் மெதுவாகப் போகும் வண்டிக்கும் தேங்கி நிற்கும் தண்ணீருக்கும் சொன்னது. எதிரே பஸ் கிளப்பும் அலைக்கு அல்ல. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ எஞ்சின்கள் போனது, அணைந்துபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததால். சிலிண்டரில் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணீரில் இறங்கி ஏறினால் டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்து பாருங்கள். பால்காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். ரேடியேட்டர் இடுக்கில் அப்பிய சேற்றைப் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்து எடுக்க வேண்டும். இதைச் செய்கிறவருக்குக் காட்டுப்பாதை எதிரி இல்லை.

கடைசியாக, லேண்ட் க்ரூசர் வாங்கினால் நிம்மதி என்ற மந்திரம். நல்ல வண்டிதான், கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் 2022-இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், லேண்ட் க்ரூசர் பிராடோ ஆகியவற்றின் டீசல் எஞ்சின்களில் புகை வடிகட்டி அமைப்பே குறைபாடானது என்று தீர்ப்பளித்தது. விற்றவை இரண்டரை லட்சத்துக்கும் மேல். அங்கே கதை தலைகீழ்: நகர நெரிசலில் அல்ல, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து போகும்போதுதான் வடிகட்டி தன்னைச் சரியாகச் சுத்தம் செய்துகொள்ளவில்லை. 2024-இல் அமெரிக்காவில் டுண்ட்ரா பிக்கப்பையும் லேண்ட் க்ரூசரின் உறவுக்காரனான லெக்ஸஸ் எல்எக்ஸையும் சேர்த்துச் சுமார் 1,02,000 வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்தது. தயாரிப்பில் உலோகத் துகள் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டதாம். இதைச் சொன்னால் அது விதிவிலக்கு என்கிறார்கள். லேண்ட் ரோவரில் நடந்தால் இயல்பு, டொயோட்டாவில் நடந்தால் விதிவிலக்கு.

டொயோட்டா உண்மையில் ஜெயிக்கிற இடம் வேறு: அடிக்கடி சர்வீஸ் செய்யச் சொல்கிறது, வாங்கியவர்களும் செய்கிறார்கள், பத்து வயது வண்டியின் விலை விழாததால் அதில் செலவு செய்ய மனமும் வருகிறது. லேண்ட் ரோவரில் மூன்றும் தலைகீழ். டெல்லியில் 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று சொன்ன பிறகு அங்கே விலை சரிந்த சொகுசு டீசல்கள் மற்ற மாநிலங்களுக்கு வர ஆரம்பித்தன. புது கிரெட்டா விலைக்குள் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் என்று விளம்பரம் பார்த்து ஓடுகிறோம். வண்டியின் விலை விழுந்தது. பலூனின் விலையும் கியர்பாக்ஸ் தட்டின் விலையும் விழவில்லை. கிரெட்டா வாங்கும் பட்ஜெட்டோடு ரேஞ்ச் ரோவரைப் பராமரிக்கப் போனவர் கைவிட்ட கதைதான் ஊரில் "லேண்ட் ரோவர் சரியில்லை" என்று உலாவுகிறது.

டாடா மோட்டார்ஸ் 2008-இல் ஃபோர்டிடமிருந்து இந்தக் கம்பெனியை வாங்கியது. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. நம்மூரிலேயே வண்டி செய்ய வந்தவர்கள் நம்மூர் வெயிலுக்கும் புழுதிக்கும் தனி சர்வீஸ் அட்டவணை எழுதி, அதை ஷோரூம் சுவரில் மாட்டட்டும். நான் வைக்கும் குற்றச்சாட்டில் பாதி அன்றைக்கே தள்ளுபடியாகிவிடும்.

அதுவரை வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. தினம் ஐந்து கிலோமீட்டர் ஆபீஸ் ஓட்டம் மட்டுமே என்றால் டீசலைத் தொடாதீர்கள். முடிந்தால் வண்டியை முந்தின இரவு நிறுத்திய இடத்திலேயே, விடியலில், எஞ்சின் சூடாகும் முன் போய்ப் பாருங்கள். நான்கு மூலையும் மட்டமாக நிற்கிறதா, ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் எத்தனை நேரம் முனகுகிறது, டயரின் வயது என்ன என்று பாருங்கள். பெல்ட் மாற்றிய பில்லில் பின் பெல்ட் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். இல்லையென்றால் அந்த வேலைகளின் தொகையை எழுதி விலையில் கழிக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் மாத்தவே வேண்டாம் சார், கம்பெனியே சொல்லியிருக்கு" என்று விற்பவர் சொன்னால், சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.